ஒரு நாயில் தொடங்கிய பற்று

எமது தோட்டங்களில் சாதி நாய் என்றதும் துரை பங்களாதான் நினைவுக்கு வரும். அத்தகைய நாயொன்றின் மீது வைத்த அன்பு ஒரு பெண்ணை எவ்வளவு தூரம் கொண்டுசென்றது என்று பார்ப்போமா?

இங்கிலாந்தைச் சேர்ந்த புளோரன்ஸ் நாகிள் (1894-1988) தமது முதலாவது ஐரிஷ் வூல்ஃப்ஹவுண்ட் நாயை 1913இல் வாங்கினார். ஆளுயரத்துக்கு எழுந்து நிற்கும் இந்த இனத்தின் மீது அன்று பிடித்த பற்று கடைசிவரை விடவில்லை. 47 வருடங்களின் பின், 1960இல், அவரது 'மெர்மன்' புகழ்பெற்ற கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் மிகச் சிறந்த நாயாகத் தெரிவானது.

ஆனால் அக்கண்காட்சியை நடத்திய கென்னல் கிளப்பில் பெண்களுக்கு முழு உறுப்புரிமை இல்லை. நாய்க்குப் பரிசு, வளர்த்தவளுக்கு இடமில்லை! பந்தயக் குதிரைகளை அவரே பழக்கியும், அனுமதிப்பத்திரம் ஆண் ஊழியரின் பெயரிலேயே இருந்தது. நீதிமன்றம் சென்று 1966இல் அதை மாற்றினார். பின்னர் கென்னல் கிளப்புக்கு எதிராகவும் வழக்காடினார். 1979இல் அங்கும் பெண்கள் உறுப்பினராயினர்.

இது எமக்குப் புதிதல்ல. கொழுந்து பறித்தவளின் சம்பளத்தை வீட்டு ஆண் கைநீட்டி வாங்கிய காலம் இங்கும் இருந்தது. சம சம்பளம் 1984இல்தான் கிடைத்தது. சகோதரிகளே, ஆடோ மாடோ, நீங்கள் பராமரிப்பது உங்கள் பெயரிலேயே பதிவாகட்டும்.