பழைய அளவை மறக்காத குழாய்

மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு மழை நாளில் மட்டும் அணைந்து அணைந்து எரிகிறதா? வயர் இணைப்பில் சுற்றியிருக்கும் கறுப்பு டேப்பைப் பாருங்கள். வெயிலில் பசை இளகி, டேப் நழுவி, உள்ளே செம்பு தெரியும். ஈப்போ மழைக்கு அது போதும். அந்த இடத்துக்கு ஏற்றது, கடைகளில் 'ஹீட் ஷ்ரிங்க்' என்று கேட்டால் கிடைக்கும் வெப்பத்தில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய்.

சூடுபட்டால் பொருள்கள் விரியும் என்றுதானே படித்தோம்? இது மட்டும் ஏன் சுருங்குகிறது? விடையை நம் கித்தா மரத்தடியிலிருந்தே தொடங்கலாம்.

1877இல் கோலகங்சாரில் கித்தாக் கன்றுகள் நடப்பட்டன. பின்னாளில் பேராக் தோட்டங்களில் நம்மவர்கள் மங்கில் சேர்த்த பால், உறைந்து கட்டியானாலும் சூட்டில் பிசுபிசுக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்பதை 1839இலேயே சார்லஸ் குட்இயர் கண்டிருந்தார். நீண்ட மூலக்கூறு இழைகளுக்கு இடையே கந்தகம் பாலம் போடுகிறது. அதனால்தான் இழுத்துவிட்ட ரப்பர் பழைய நிலைக்குத் திரும்புகிறது. (படிவம் 5 மாணவர்களே, இது உங்கள் வேதியியல் பாடம்தான்!)

நம் குழாய் பெரும்பாலும் பாலித்தீன் வகை. இதில் பாலம் போடுவது எலெக்ட்ரான் கற்றை. 1957இல் பால் குக் கலிபோர்னியாவில் தொடங்கிய ரேகெம் நிறுவனம் இம்முறையைத் தொழிலாக வளர்த்தது. பாலம் போட்ட குறுகிய குழாயைச் சூடாக்கி, இரு மடங்கு அகலமாக விரித்து, அந்த நிலையிலேயே குளிரவைக்கிறார்கள். குளிரும்போது உண்டாகும் நுண்படிகங்கள் குழாயைப் பூட்டிவிடுகின்றன. நாம் மீண்டும் சூடு காட்டும்போது படிகங்கள் உருகிப் பூட்டு திறக்கிறது. பாலங்கள் குழாயைப் பழைய அளவுக்கு இழுத்துவிடுகின்றன.

வாங்கும்போது அளவு முக்கியம். 2:1 வகையில் 6 மி.மீ. குழாய் 3 மி.மீ. வரைதான் சுருங்கும். 4 மி.மீ. தடிப்புள்ள இணைப்பை இறுக்கிப் பிடிக்கும்; 2 மி.மீ. வயரில் தொளதொளவென்று நிற்கும். மழைபடும் இடத்துக்கு உட்புறம் பசை பூசிய வகையைக் கேளுங்கள். பசை உருகி நீர் புகும் வழியை அடைத்துவிடும். லைட்டர் நெருப்பு குழாயைக் கருக்கும். பெட்ரோல் தொட்டி அருகே அது ஆபத்தும்கூட. வெப்பக்காற்றுத் துப்பாக்கியே நல்லது. வீட்டு மின்சார வயரிங்கில் மட்டும் கை வைக்காதீர்கள். அது உரிமம் பெற்றவர் செய்யும் வேலை.

இன்னொன்று. வயரைப் பற்றவைக்கும் முன்பே குழாயை மாட்டிவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு குழாய் மேசையிலேயே கிடப்பதைப் பார்த்து, நல்ல இணைப்பை மறுபடியும் வெட்டிய அனுபவம் எனக்கு ஒருமுறை அல்ல.