கேட்டால்தான் வாய் திறக்கும்

மலிவான சார்ஜர் கேபிள்களில் சிலவற்றை அறுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பும் கறுப்புமாக இரண்டே கம்பிகள் இருக்கும். செருகினால் போன் சார்ஜ் ஆகும். மறுமுனையில் இருக்கும் கணினிக்கோ போன் வந்த சேதியே தெரியாது. செயலிகளைச் சோதிக்கும் வேலைக்குப் புதிதாக வந்தவர் மென்பொருளை இரண்டு முறை அழித்து நிறுவி அலுத்த பிறகுதான் கேபிளைச் சந்தேகிப்பார். அதில் விட்டுப்போனவை ஒன்றோடொன்று முறுக்கிய பச்சை, வெள்ளைக் கம்பிகள். பேச்சு நடப்பது அவற்றில்தான்.

நல்ல கேபிள் என்றால், செருகியதும் போன் தன்னுள் இருக்கும் 1.5 கிலோ ஓம் மின்தடை ஒன்றின் வழியாகப் பச்சைக் கம்பியின் அழுத்தத்தை 3.3 வோல்ட் பக்கம் இழுக்கிறது. வந்திருக்கிறேன் என்பதற்கு அவ்வளவுதான் அடையாளம். கணினி உடனே பாய்ந்துவிடாது. செருகும்போது உலோக முனைகள் உரசுவதால் தொடர்பு விட்டுவிட்டு வரும். அது அடங்கட்டும் என்று குறைந்தது 100 மில்லிவினாடி காத்திருக்கும். பிறகு இரண்டு கம்பிகளையும் சுழிக்கு இறக்கி போனின் யூஎஸ்பி பகுதியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். வேகமாகப் பேசத் தெரிந்த போன் அந்த இடைவெளியில் ஒரு சிறு சமிக்ஞை விடும். கணினியிடமிருந்து பதில் சமிக்ஞை வந்தால் வினாடிக்கு 48 கோடி பிட் வேகத்துக்கு ஒப்பந்தம், வராவிட்டால் 1.2 கோடியோடு திருப்தி.

இன்னும் போனுக்குப் பெயரில்லை. புதிதாக வரும் எந்தச் சாதனத்துக்கும் முகவரி 0 தான். கணினி அந்த முகவரியைக் கூப்பிட்டு விவரம் கேட்கிறது. போன் 18 பைட்டில் தன் ஜாதகத்தைச் சொல்கிறது: தயாரிப்பாளரின் எண், கருவியின் எண், எந்தப் பதிப்பு யூஎஸ்பி. 1 முதல் 127 வரையிலான எண்களில் ஒன்று அதற்கு முகவரியாகக் கிடைக்கிறது. இத்தனையும் நாம் கேபிளிலிருந்து கையை எடுப்பதற்குள் நடந்துவிடும்.

இந்தப் பேச்சில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. போன் தானாக ஒரு வார்த்தை பேச முடியாது. வாத்தியார் கேட்டால் மட்டும் எழுந்து பதில் சொல்லும் மாணவன் போல, கணினி 'ஏதாவது இருக்கிறதா?' என்று கேட்டால்தான் தரவு வெளியே வரும். ஒன்றுமில்லை என்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். யூஎஸ்பியின் முதல் பதிப்பு வெளிவந்த 1996இல் செருக வேண்டியிருந்தவை மவுஸ், கீபோர்டு, பிரின்டர். அவை மலிவாக இருக்க வேண்டும், மூளையும் செலவும் கணினிப் பக்கம் இருக்கட்டும் என்று அந்த அமைப்பை உருவாக்கியவர்கள் முடிவெடுத்தார்கள். அவர்களில் முதன்மையானவராகச் சொல்லப்படும் இன்டெல் பொறியாளர் அஜய் பட், பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். மவுஸுக்காக எழுதிய விதியை, அன்றைய கணினிகளைவிடப் பலமடங்கு ஆற்றலுள்ள ஒரு போன் இன்றும் கைகட்டிக்கொண்டு கடைப்பிடிக்கிறது. எனக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகவே படுகிறது.

ஆனால் கணினியின் அதிகாரம் கம்பியோடு சரி. அதற்கு மேல் நடப்பது வேறு கதை.

ஆண்ட்ராய்டு போனில் 'பில்டு நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கியதும் விண்டோஸ் கணினியில் கேபிளைப் பிடுங்கிச் செருகியது போன்ற சத்தம் கேட்கும். யாரும் கேபிளைத் தொடவில்லை. போன்தான் தன்னைத் துண்டித்துக்கொண்டு புது ஜாதகத்தோடு திரும்பி வந்திருக்கிறது. கோப்புப் பரிமாற்றத்துக்கான வாசலோடு 255, 66, 1 என்ற எண்களால் குறிக்கப்படும் இன்னொரு வாசலும் இப்போது பட்டியலில் இருக்கும். அதுதான் ஏடிபி, கணினி போனுக்குக் கட்டளைகள் அனுப்பும் வழி. கணினியில் 5037ஆம் போர்ட்டில் ஏடிபி சர்வர் உட்கார்ந்திருக்கும். போனுக்குள் அதன் கூட்டாளி ஏடிபிடி.

சர்வர் இணைப்பு கேட்டதும் போன் பதிலுக்கு 20 பைட் நீளமுள்ள தற்செயல் எண் ஒன்றை அனுப்பி, கையெழுத்துப் போடு என்கிறது. கணினி தன் ரகசிய ஆர்எஸ்ஏ சாவியால் கையெழுத்திட்டு அனுப்புகிறது. போனுக்குப் பழக்கமான சாவி என்றால் வழி விடும். இல்லையென்றால் கணினி தன் பொதுச் சாவியைத் தர, போனின் திரையில் 'அனுமதிக்கலாமா?' என்ற பெட்டி எழும். மனித விரல் ஒன்று அதைத் தொடும்வரை கணினியில் 'அன்ஆதரைஸ்டு' என்ற சொல்தான் நிற்கும். ஒவ்வொரு முறையும் புது எண் என்பதால் பழைய கையெழுத்தை ஒட்டுக்கேட்டு வைத்திருந்தாலும் பயனில்லை. 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.2.2க்கு முன்பு இந்தக் காவல் கிடையாது. டீபக்கிங் இயங்கும் போனை எந்தக் கணினியில் செருகினாலும் கதவு திறந்துகொள்ளும். ஆண்ட்ராய்டு 11 இன்னும் ஒரு படி மேலே போய், ஏழு நாள் பயன்படாத அனுமதியைத் தானே மறந்துவிடுகிறது. நீண்ட விடுமுறை முடிந்து வரும் சோதனையாளரிடம் போன் மறுபடி முதலிலிருந்து விசாரிப்பது அதனால்தான்.

அனுமதி கிடைத்த பிறகு ஒரு தட்டலைப் பின்தொடர்வோம். ஆப்பியம் என்ற சோதனைக் கருவி, போனில் யூஐஆட்டோமேட்டர்2 சர்வர் என்ற சிறு செயலியை நிறுவிவிடுகிறது. அது போனுக்குள் 6790ஆம் போர்ட்டில் காத்திருக்கும். சோதனை நிரல் 'லாகின் பட்டனைத் தொடு' என்று சொன்னால், கட்டளை கணினியின் சொந்தப் போர்ட் ஒன்றுக்கு, பெரும்பாலும் 8200க்கு, போகிறது. ஏடிபி அதை வாங்கி, அதிகபட்சம் 512 பைட் கொண்ட பொட்டலங்களாகக் கம்பியில் தள்ளி, போனின் 6790இல் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கம்பியில் தொடர்ந்து ஆறு 1கள் வந்தால் அடுத்து ஒரு 0 செருகப்படும், இரு முனைகளின் கடிகாரமும் தடம் மாறாமலிருக்க. பொட்டலம் சிதைந்தால் மறுபடி அனுப்பப்படும். இரண்டு முனைகளிலும் உள்ள மென்பொருளுக்கோ இடையில் கேபிள் இருப்பதே தெரியாது. பக்கத்து அறையோடு பேசுவதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

அந்தச் செயலி லாகின் பட்டனை எப்படிக் கண்டுபிடிக்கிறது? திரையின் படத்தைப் பார்த்து அல்ல. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக்காட்டும் டாக்பேக் எந்த வழியாகத் திரையை அறிகிறதோ, அதே வழியாகத்தான். ஆண்ட்ராய்டின் அணுகல்தன்மை அடுக்கு, திரையில் உள்ள ஒவ்வொரு பொருளின் எழுத்து, விளக்கம், இருக்கும் இடம், தொடலாமா கூடாதா என்பதையெல்லாம் ஒரு மரமாக அடுக்கித் தருகிறது. சோதனை நிரல் அந்த மரத்தில் தேடி, ஆயங்களை எடுத்து, அங்கே ஒரு விரல் பட்டதாகப் போனை நம்பவைக்கிறது.

வண்டிப் படம் மட்டும் போட்டு, விளக்கம் எழுதாமல் விட்ட ஷாப்பிங் பட்டன் ஒன்று இருக்கிறதென்று வையுங்கள். அந்த மரத்தில் அதன் விளக்கக் கட்டம் காலியாக இருக்கும். சோதனை நிரல் வேறு அடையாளம் தேடி அல்லாடும். டாக்பேக் 'பெயரில்லாத பட்டன்' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடும்.