போலிக் குரலில் காது ஏமாறுவது ஏன்?

2024-இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாட்டில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யாவும் சாகுல் ஹமீதும் பாடுவார்கள். குடும்பத்தாரின் அனுமதியோடு ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய குரல்கள் அவை. விஷயம் தெரியாதவருக்கு அசல் என்றே பட்டிருக்கும்.

சுருதி, தொண்டையும் வாயும் சேர்ந்து தரும் நாதம், சொல்லை இழுக்கும் விதம்: இவற்றை வைத்துத்தான் ஒருவர் குரலை அடையாளம் காண்கிறோம். கணினி கற்பதும் இதே அடையாளங்களைத்தான். பிறகு காது எதை வைத்துச் சந்தேகப்படும்?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் 2023-இல் வெளியிட்ட ஆய்வில் 529 பேர் பங்கேற்றார்கள். போலிப் பேச்சை அவர்கள் சரியாகப் பிடித்தது 73 சதவீதம்தான். ஆங்கிலம் கேட்டவர்கள் மூச்சொலியைக் கவனித்தார்கள்; மாண்டரின் கேட்டவர்கள் பேச்சின் ஓட்டத்தையும் வேகத்தையும். முன்கூட்டியே போலி மாதிரிகளைக் கேட்கவைத்தும் பெரிய பலனில்லை.

சூரிக் பல்கலைக்கழகத்தின் 2024 ஆய்வுதான் எனக்குப் பெரிய வியப்பு. ஒரே ஆளின் அசல் குரலையும் போலிக் குரலையும் கேட்கவைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். போலிக் குரல் கேட்டவர்களை ஓரளவு ஏமாற்றியது. ஆனால் போலியைக் கேட்டபோது, இன்ப உணர்வோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் செயல்பாடு குறைந்தது. ஒலியை அலசும் பகுதி கூடுதலாக உழைத்தது.

போனில் ஆபத்து அதிகம். பழைய தொலைபேசி முறை சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். போலியைக் காட்டிக்கொடுக்கும் நுணுக்கங்கள் அதில் அடிபட்டுப் போகலாம். மகன் குரலில் யாராவது அவசரமாகப் பணம் கேட்டால், போனை வைத்துவிட்டு அவன் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.