பெருவண்டியும் வாவிக்கரையும்

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களையும் வள்ளுவர் அடுத்தடுத்து அமைத்தார். அரசர்க்கு வகுத்த அம்முறை, ஐக்கிய அமெரிக்காவிலே வீட்டையே சக்கரங்களின்மீது ஏற்றிச்சென்று, முற்பதிவின்றி வாவிக்கரையில் தங்க விரும்புவார்க்கும் பொருந்துதல் காண்க.

வலியாவது ஈண்டு வண்டியின் நீளம். நாற்பதடி வண்டிக்குப் பழைய வனமுகாம்கள் பல இடங்கொடா. கார்ச் சக்கரங்கள் மண்ணை இறுக்கி மரவேர்களை நலிவிப்பதைக் கண்ட தாவரநோய் அறிஞர் எமிலியோ மைனெக்கே, 1932இல் முகாம்களுக்கு ஒரு திட்டம் வகுத்தார். ஒருவழி வளைபாதை, அதினின்று கிளைக்கும் சிறு நிறுத்திடங்கள், அவற்றை மீறாவண்ணம் கற்களும் கட்டைகளும் என்பன அதன் உறுப்புகள். அக்காலச் சிறு கார்களுக்கு அளந்த இடங்களிலே இக்காலப் பெருவண்டி எங்ஙனம் திரும்பும்?

காலமாவது வாரநடுவின் முற்பகல். முன்னிரவு தங்கியோர் நீங்கும் வேளை அதுவே. வெள்ளி மாலை சென்றடைவார் பெரும்பாலும் இடமின்றி மீள்வர்.

இடமாவது அணைகளால் எழுந்த நீர்த்தேக்கங்களின் திறந்த கரை. 1963இல் கிளென் கன்யன் அணையால் தேங்கத் தொடங்கிய பவல் ஏரியிலே, யூட்டா மாநிலத்து லோன் ரொக் கரையில், எல்லையிட்ட நிறுத்திடங்கள் இல்லை. முந்தி வந்தார்க்கே இடம். ஆயினும் மணல் மென்மையானது. பாரவண்டியின் சக்கரம் புதையும். எனவே, முதலில் இறங்கி நடந்து நிலத்தின் உறுதியைக் காலால் அறிதல் வேண்டும்.

நீர்விளிம்பினின்று சிறிது விலகி நிற்றலால் காட்டிலே வேர் பிழைக்கும்; மணலிலே வண்டி பிழைக்கும். வாவியின் அழகோ சிறிதும் குறையாது.