நடக்கச் சொல்வதும் மருத்துவமே

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் காலை. “இன்று மெல்ல எழுந்து கதவு வரை நடந்து பாருங்கள், ஐயா” என்று சொல்லிவிட்டு மருத்துவர் அடுத்த நோயாளியிடம் செல்கிறார். அவர் தலை மறைந்ததும், “தையல் போட்ட உடம்பு, இப்போது நடை எதற்கு? பேசாமல் படுத்திருங்கள்” என்கிறார் மனைவி. நோயாளியும் நிம்மதியாகக் கண்களை மூடிக்கொள்கிறார். மருத்துவமனைகளில் அன்றாடம் காணும் காட்சி இது. மனைவியின் சொல்லில் அன்பு இருக்கிறது. ஆயினும், அந்த அன்பு நோயாளியின் மீட்சியைத் தாமதப்படுத்திவிடக்கூடும்.

ஓய்வே நல்ல மருந்து என்னும் நம்பிக்கை மருத்துவர்களிடமும் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், மாரடைப்பு கண்டவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருப்பது வழக்கம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லவுன் என்னும் மருத்துவர்கள் அவ்வழக்கத்தை மாற்றத் துணிந்தனர். நோயாளிகளைத் தொடக்க நாட்களிலேயே நாற்காலியில் அமரச் செய்து, அந்த அனுபவத்தை 1952ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பலரும் அஞ்சிய தீங்கு நேரவில்லை. இன்று, சிக்கல் ஏதுமில்லாத மாரடைப்பு நோயாளிகள் ஓரிரு நாட்களிலேயே எழுந்து நடக்கத் தொடங்குகின்றனர்.

அடுத்த ஆண்டு லண்டனிலிருந்து மற்றொரு சான்று வந்தது. ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவர், அந்நகரின் இரட்டையடுக்குப் பேருந்து ஊழியர்களின் உடல்நிலையை ஆராய்ந்தார். நாள் முழுதும் அமர்ந்து பணிபுரிந்த ஓட்டுநர்களைவிட, பயணச்சீட்டு கொடுப்பதற்காக ஓயாமல் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாகவே இருந்தது.

படுக்கை உடலை எவ்வளவு விரைவில் தளர்த்துகிறது என்பதை 1966ஆம் ஆண்டில் டாலஸ் நகரில் நடந்த ஆய்வு காட்டிற்று. இருபது வயதுள்ள ஆரோக்கியமான இளைஞர் ஐவர் மூன்று வாரங்கள் படுக்கையில் கிடந்தனர். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஐவரை மீண்டும் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை அவர்களுடைய உடலின் உழைப்புத் திறனைக் குறைத்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் குறைத்திருந்தது தெரியவந்தது. இளைஞர்களுக்கே இந்த நிலை என்றால், எழுபது வயதுப் பெரியவர் என்ன ஆவார்? தசைகள் மெலியும், கால் நாளங்களில் இரத்தம் உறையும், நுரையீரலில் சளி தேங்கும், முதுகில் படுக்கைப்புண் தோன்றும், எழுந்து நின்றால் தலை சுற்றும். இவற்றைத் தடுக்கவே மருத்துவர் உங்களை நடக்கச் சொல்கிறார்.

எவ்வளவு நடப்பது? வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. 65 வயதைக் கடந்தவர்கள், கீழே விழாதிருக்க, வாரத்தில் மூன்று நாட்கள் சமநிலைப் பயிற்சியும் செய்தல் நலம். இந்த அளவைக் கண்டு மலைக்க வேண்டாம். ஐந்து நிமிட நடையில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம். மூட்டு வலியால் நடக்க இயலாதவர்கள், நாற்காலியில் அமர்ந்தபடியே கால்களை நீட்டி மடக்கலாம். உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடப்பது இரத்தச் சர்க்கரை ஏறுவதைத் தணிக்கும்.

எச்சரிக்கையும் வேண்டும். நெஞ்சு வலி, மிகுந்த மூச்சுத்திணறல், தலைச்சுற்றல், படபடப்பு ஆகியவை தோன்றினால் உடனே நின்றுவிடுங்கள், மருத்துவரிடம் தெரிவியுங்கள். ஓய்ந்த பின்னும் நெஞ்சு வலி தணியாவிட்டால் தாமதமின்றி 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் சட்டைப்பையில் சிறிது சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருக்க வேண்டும். நீரிழிவு நோயாளிகள் வெறுங்காலுடன் நடக்கலாகாது. நடந்து வந்ததும் பாதங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் மருத்துவர் சில நாட்கள் அசையக்கூடாது என்று சொல்லியிருந்தால், அதையே பின்பற்றுங்கள்.

வீடு திரும்பும் நாளில் மாத்திரைச் சீட்டைப் பெறுவதோடு நின்றுவிடாதீர்கள். எவ்வளவு தூரம் நடக்கலாம், படியேறலாமா, எவ்வளவு எடை தூக்கலாம், எதைச் செய்யக்கூடாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பராமரிப்போருக்கு ஒரு வேண்டுகோள். நோயாளி தாமே செய்யக்கூடிய வேலைகளை அவரிடமே விட்டுவையுங்கள். தண்ணீர் எடுத்துக் குடிப்பது, துணி மடிப்பது, செடிக்கு நீர் ஊற்றுவது ஆகியவையும் பயிற்சியே. அவர் மெதுவாகச் செய்வதைப் பொறுத்திருந்து பார்ப்பதும் பணிவிடைதான். நாளைக் காலை மருத்துவர் நடக்கச் சொல்லிச் சென்றதும், “படுத்திருங்கள்” என்று சொல்லாமல், “வாருங்கள், நானும் உடன் வருகிறேன்” என்று கையை நீட்டுங்கள். கதவு வரை சென்று திரும்ப அந்தத் துணை போதும்.