கொள்ளைநோயும் கைப்பேசியும்

கொள்ளைநோய் பரவுங் காலத்தில் மருந்தைப் போலவே செய்தியும் உயிர் காக்கும் என்பதைக் கொரோனா நமக்கு நன்கு உணர்த்தியது. 2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. கூட்டம் கூட்டிப் பேசுதல் இயலாதாயிற்று. காவல் துறை, சுகாதாரத் துறை, ஊராட்சி ஆகியவற்றைப் பொதுமக்களோடு இணைத்தது பெரும்பாலும் கைப்பேசியே ஆகும்.

அதன் பயன் மூவகைப்படும். முதலாவது, உதவி கோருதல். ஆம்புலன்சுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 ஆகிய எண்கள் உள்ளன.

இரண்டாவது, நோய்த்தொடர்பைக் கண்டறிதல். 2020 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட ஆரோக்கிய சேது செயலி, அருகருகே இருந்த கைப்பேசிகளைப் புளூடூத் வழியே குறித்துக்கொண்டு, ஒருவருக்கு நோய் உறுதியானால் மற்றவரை எச்சரித்தது. சாதாரணக் கைப்பேசி உடையோர்க்கென அடுத்த மாதமே 1921 என்ற எண் ஏற்படுத்தப்பட்டது.

மூன்றாவது, பலருக்கும் ஒருங்கே அறிவித்தல். குறுஞ்செய்தி ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியே செல்வது, நெரிசலில் தாமதமாகும். செல் பிராட்காஸ்ட் முறையிலோ, குறிப்பிட்ட கோபுரங்களின் எல்லைக்குள் உள்ள கைப்பேசிகளில் எச்சரிக்கை ஒரே வேளையில் ஒலிக்கும். எவருடைய எண்ணும் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. 2023-இல் இம்முறை நாட்டின் பல பகுதிகளில் சோதித்துப் பார்க்கப்பட்டது.

எனினும், கருவியால் மட்டும் காரியம் முடிவதில்லை. 2020-இல் எங்கள் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், நோயுற்ற ஒருவரின் பெயரும் தெருவும் வாட்ஸ்அப் வழியே பரவின. மறுநாள் அக்குடும்பத்திற்குக் கடையில் அரிசி தர மறுத்தனர். அதன்பின் அவ்வூரில் காய்ச்சல் கண்டோர் அதனை மறைத்தனரே அன்றி, 104-க்கு அழைக்க முன்வரவில்லை. நம்பிக்கை கெட்டால் கைப்பேசியும் ஊமையாகிவிடும்.

ஆகவே ஊராட்சி உறுப்பினர்கள் மூன்று காரியங்களை இப்பொழுதே செய்து வைத்தல் நலம். கைப்பேசி இல்லாத முதியோர், தனித்து வாழ்வோர் ஆகியோரின் பட்டியலை வார்டுதோறும் தயாரித்து, ஒவ்வொருவருக்கும் செய்தி சொல்ல அண்டை வீட்டார் ஒருவரைப் பொறுப்பாக்குக. கோபுரத்தின் சைகை எட்டாத குக்கிராமங்களுக்குத் தண்டோராவையும் ஒலிபெருக்கியையும் கைவிடாதீர். நோயாளியின் பெயரைச் சுகாதாரப் பணியாளரிடம் மட்டும் தெரிவிப்பது என ஊரறியத் தீர்மானம் செய்க.

நோய் மீண்டும் வருங்கால் தயங்காது உதவி கேட்கும் ஊரே முதலில் மீளும்.