சேதுச் சீமையில் ஓரிறைக் கொள்கை

சேதுபதி மன்னர்கள் ஆண்ட இராமநாதபுரச் சீமையின் கடலோரத்திலே தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, வேதாளை, பாம்பன், இராமேசுவரம் என அமைந்த ஊர்களில் முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வருகிறார்கள். முத்தையும் சங்கையும் நாடிப் பாய்மரக் கப்பல்களில் அரபு வணிகர்கள் வந்துபோன காலந்தொட்டு வேரூன்றிய இச்சமூகம், தமிழைத் தாய்மொழியாகவும் இஸ்லாத்தை ஜீவநாடியாகவும் கொண்டது. ஆயினும், அவர்களோடு ஒரே தெருவில் குடியிருந்து ஒரே சந்தையில் கொண்டும் கொடுத்தும் வரும் பிற சமயத்தார் பலருக்கு, பள்ளிவாசலின் பாங்கோசை பழகிய ஒன்றாயிருந்தும், அந்த ஓசைக்குப் பின்னே நிற்கும் விசுவாசம் இன்னதென்று தெளிவாகத் தெரிவதில்லை. அயலாரின் நம்பிக்கையை அறிவது அயலாரை அறிவதற்கு முதற்படி ஆகையால், அதனை இங்கே சற்று நிதானமாக ஆராய்வோம்.

ஈமான் என்று முஸ்லிம்கள் வழங்கும் விசுவாசம் ஆறு அம்சங்களைக் கொண்டது. அல்லாஹ் ஒருவனே இறைவன் என்பது முதலாவது. அவன் ஏவலை நிறைவேற்றும் வானவர்களாகிய மலக்குகள் உண்டு என்பதும், அவன் மானிடர்க்கு வேதங்களை அருளினான் என்பதும், அவ்வேதங்களின் வழியே மக்களை நடத்த நபிமார்களை அனுப்பினான் என்பதும், இறுதி நாளில் ஒவ்வொருவரும் தம் செய்கைக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதும், நன்மையாயினும் தீமையாயினும் நிகழ்வன யாவும் அவன் நியதிக்கு உட்பட்டவை என்பதும் ஏனைய ஐந்து. தனித்தனிக் கோட்பாடுகளாகத் தோன்றினாலும் இவை அனைத்தும் முதலாவதிலிருந்தே கிளைத்தெழுகின்றன.

சர்வ லோகங்களையும் சிருஷ்டித்துப் பரிபாலிப்பவன் ஒருவனே, அவனுக்கு உருவமும் இல்லை, இணையும் இல்லை, ஆராதனைக்கு உரியவன் வேறெவனும் இல்லை என்ற உறுதி முஸ்லிமின் சிந்தனைக்கு அஸ்திவாரம். வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளிக்குச் செல்வோர், கருங்கல் தூண்களும் போதிகைகளும் தமிழ்நாட்டுச் சிற்ப மரபிலேயே செதுக்கப்பட்டிருக்கக் கண்டு வியப்பார்கள். அத்தனை கைத்திறன் காட்டிய சிற்பி, அங்கே ஓர் உருவத்தையேனும் வடிக்காமல் பூவேலையோடு நிறுத்திக்கொண்டதன் காரணம் இந்த ஓரிறைக் கொள்கையே.

ஆண்டவன் ஒருவனே எஜமானன் என்றால், மனிதருள் ஒருவர் மற்றவருக்கு எஜமானராகத் தலைநிமிர இடமில்லை. ஆகவேதான் தொழுகை வரிசையில் மரக்கலம் உடையவரும் அதில் கூலிக்குச் செல்பவரும் தோளோடு தோள் சேர நின்று, மக்காவிலுள்ள கஅபாவை முன்னிட்டு மேற்றிசை நோக்கி, ஒரே தரையில் நெற்றி பதிக்கிறார்கள். செல்வச் செருக்கும் குலப்பெருமையும் இச்சமூகத்தையும் தீண்டாமல் விடவில்லை என்பது உண்மையாயினும், அவற்றைக் கண்டிக்க முன்வருவோர்க்கு வேறெந்தப் பிரமாணமும் வேண்டியதில்லை. நாள்தோறும் ஐந்து வேளை நிற்கும் அந்த வரிசையே போதும்.

மலக்குகளுள் ஜிப்ரீல் என்பார் நபிமார்களுக்கு இறைச்செய்தி கொணர்ந்தவர் என்பது நம்பிக்கை. மூஸா நபிக்குத் தவ்ராத்தும், தாவூத் நபிக்கு ஸபூரும், ஈஸா நபிக்கு இன்ஜீலும், இறுதித் தூதராகிய முகம்மது நபிக்குச் சுமார் 23 ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் குர்ஆனும் அருளப்பட்டன என்று முஸ்லிம்கள் கொள்கிறார்கள். முகம்மது நபியைத் தம் உயிரினும் மேலாக நேசிக்கும் அவர்கள், அவரை வணங்குவதில்லை. உண்டு, உழைத்து, துயருற்று, கி.பி. 632இல் மறைந்த மனிதர் அவர் என்பதையும், மனிதராயிருந்ததனாலேயே மனிதர்க்கு வழிகாட்டியானார் என்பதையும் ஒருபோதும் மறப்பதில்லை. அந்த நேசத்தைத் தமிழ் எவ்வாறு ஏந்திக்கொண்டது என்பதற்கு உமறுப்புலவரின் சீறாப்புராணமே சான்று. கிழவன் சேதுபதியின் நண்பராகிய வள்ளல் சீதக்காதியின் ஆதரவிலே, கீழக்கரைப் பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பாவிடம் செய்திகளைக் கேட்டறிந்து 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உமறுப்புலவர் இதைப் பாடத் தொடங்கினார் என்பது மரபு. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களில், 5000க்கு மேற்பட்ட பாடல்களில் நபியின் சரிதம் விரிகிறது; அரபு நாட்டைப் பாடும்போதும் தமிழ்க் காப்பியங்களின் நீர்வளமும் வயல்வளமும் அங்கே பெருக்கெடுக்கின்றன.

எனினும், விசுவாசத்தை நடத்தையாக மாற்றும் விசை மறுமை நம்பிக்கையிலேதான் இருக்கிறது. செய்தவை அனைத்தும் பதிவாகின்றன, ஒருநாள் அவை எடுத்துக் காட்டப்படும், அந்நாளில் பணமோ உறவோ பரிந்து பேச வராது என்று எண்ணுபவர், யாரும் பாராத இடத்திலும் தராசைச் சரியாகப் பிடிக்கக் கடமைப்பட்டவராகிறார். ஓராண்டு கைவசமிருந்த, வரையறுத்த அளவை எட்டிய செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கை, அதாவது 100 ரூபாய்க்கு 2.50 ரூபாயை, ஆண்டுதோறும் ஜகாத்தாகக் கொடுப்பது தயவன்று, ஏழையின் உரிமையைத் திருப்பித் தருவதாகும். ஷெய்கு அப்துல் காதர் மரக்காயர் என்னும் இயற்பெயருடைய சீதக்காதி, இறந்த பின்னும் கொடுத்தவர் என்று சமயபேதமின்றிப் புகழப்படுகிறார்; கொடுத்ததே தம்மோடு வரும், சேர்த்தது இங்கேயே நின்றுவிடும் என்ற மறுமை விசுவாசத்தை அந்தக் கொடையிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

விதியைப் பற்றிய நம்பிக்கையோ கடற்கரை மக்களின் வாழ்க்கையில் மற்றெங்கும் காணாத ஆழத்தைப் பெறுகிறது. மன்னார் வளைகுடாவில் மூச்சையடக்கிச் சங்கு குளித்தவர்களுக்கும், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைக் கண்டவர்களுக்கும், மனித முயற்சியின் எல்லையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் இந்நம்பிக்கை கைகட்டியிருக்கச் சொல்வதன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன்பின் பாரத்தை இறைவன்மேல் போடும்படி நபிகள் நாயகம் அறிவுறுத்தினார் என்பது ஹதீஸ் என்னும் நபிமொழி வழிச் செய்தி. வலையைச் சீர்செய்து, வானத்தைப் பார்த்து, படகைத் தள்ளிய பிறகே “இன்ஷா அல்லாஹ்” (இறைவன் நாடினால்) என்ற சொல்லுக்குப் பொருள் பிறக்கிறது.

இந்த ஆறு நம்பிக்கைகளும் ஐந்து கடமைகளில் உருப்பெறுகின்றன: கலிமா என்னும் சாட்சி மொழி, ஐவேளைத் தொழுகை, ரமலான் நோன்பு, ஜகாத், வசதியும் உடல்நலமும் உடையோர் ஆயுளில் ஒருமுறை மேற்கொள்ளும் ஹஜ் யாத்திரை. நோன்பு நாளில் அந்திப் பாங்கு கேட்கும்வரை தண்ணீரையும் தீண்டாதிருக்கும் செல்வர், பசி என்பது என்னவென்று உடலாலேயே கற்கிறார். பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி பிற சமயத்து அண்டை வீடுகளுக்கும் செல்வது இப்பகுதியில் பழகிய வழக்கம்.

ஏர்வாடியில் சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீது அடங்கிய தர்காவுக்குச் சகல சமயத்தாரும் நோய்தீர வேண்டி வருகிறார்கள். இறைநேசர்களை நாடுவது ஆகும் என்பாரும், அது ஓரிறைக் கொள்கைக்கு மாசு என்பாரும் முஸ்லிம்களுக்குள்ளேயே உண்டு. ஆனால் இரு தரப்பாரும் தம் வாதத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்வது, ஆராதனை அல்லாஹ் ஒருவனுக்கே என்ற அதே மூலக்கொள்கைதான்.

இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் 1931இல் பிறந்த அப்துல் கலாம், தம் சுயசரிதையாகிய ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் தந்தை ஜைனுலாப்தீனைப் பற்றி எழுதியிருக்கிறார். வைகறைத் தொழுகையோடு நாளைத் தொடங்கிய அம்மனிதர், படகு கட்டிப் பிழைத்தார். புயல் அதைக் கொண்டுபோனபோதும் நிலைகுலையவில்லை. தொழுகை முடிந்து வெளியே வருகையில் பல சமயத்து மக்கள் தண்ணீர்ப் பாத்திரங்களோடு காத்திருக்க, அவர் அவற்றில் விரல் தோய்த்துப் பிரார்த்தித்து, நன்றியை இறைவனுக்கே செலுத்தச் சொல்வாராம். திருக்கோயில் அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரிகள் அவருடைய உற்ற நண்பர். தம் விசுவாசத்தில் ஓர் இழையும் தளராதவரே அயலாரின் விசுவாசத்துக்கு அஞ்சாமல் அருகிருக்க வல்லவர் என்பதை இவ்விருவரின் நட்பு நிரூபிக்கிறது. எல்லாரையும் படைத்தவன் ஒருவனே என்று மெய்யாக நம்புபவருக்கு, அவன் படைத்த எவரும் அந்நியராக இருக்க முடியாது. இஸ்லாமியக் கோட்பாடுகளை அறிய விழையும் தமிழர் அவற்றை நூல்களில் மட்டுமன்றி, இப்படி வாழ்ந்தவர்களின் நடத்தையிலும் தேடுவார்களாக.